காவு கேட்டது யார்?

பெரிய பாலமோ, அணையோ, கோட்டையோ கட்ட ஆரம்பித்தால் அந்த இடத்தில் இருக்கும் தேவதை "காவு" கேட்கும் என்றும், நாலு உயிரைக் கொடுக்காமல் வேலை முடியாது என்றும் சொல்லும் பாமர ஜனங்கள் உண்டு. இது மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதே படித்தவர்கள், ஒரு பெரிய வேலையில் நூற்றுக்கணக்கான கூலிகள் செத்தார்கள் என்று கேள்விப்பட்டால், "இயற்கையோடு போராடும் காரியத்தில் சில உயிர்கள் போகத்தானே செய்யும்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே பேசிக்கொண்டு போவார்கள். தேவதை காவு கேட்டது என்பதற்கும், இயற்கை பலி வாங்கிற்று என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம். இரண்டிலும் கொன்றவன் பெயர் வெளியில் வருவதில்லை. இதற்கு உதாரணமாக, உலகமே மெச்சும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு சற்று விசாரித்துப் பார்ப்போம்.

அமெரிக்கா தேசத்தின் கிழக்குப் பாகத்தையும், மேற்குக் கடற்கரையில் உள்ள கலிபோர்னியாவையும் இணைத்த இருப்புப்பாதை 1869-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி முடிந்தது. ஓமாஹாவிலிருந்து சாக்ரமெண்டோ வரை அதன் நீளம் ஏறக்குறைய 1,776 மைல். அதற்கு முன்பு மாட்டு வண்டியில் புறப்பட்டவர்கள் மேற்குக் கரை போய்ச் சேர ஐந்தாறு மாதம் பிடித்தது. பாதை முடிந்த பிறகு ஏறக்குறைய ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இது மனிதனுடைய அறிவாலும் உழைப்பாலும் ஆன காரியம் என்பதிலும், மனித சமூகத்துக்கு நன்மையான காரியம் என்பதிலும் நமக்கு ஆட்சேபணையில்லை. நாம் ரயிலுக்கு விரோதிகளல்ல. ஆனால் அந்த வேலையில் உயிர்கள் ஏன் போயின, யாருடைய உயிர்கள் போயின என்று கேட்டால் அதற்கு வரும் பதில்தான் நமக்குச் சரியாகப் படவில்லை.

மலை நகர்ந்த அற்புதம்

1862-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி பிரசிடெண்டு லிங்கன் கையெழுத்துப் போட்ட சட்டத்தின்படி இரண்டு கம்பெனிகள் இந்த வேலையை எடுத்துக்கொண்டன. யூனியன் பசிபிக் கம்பெனி கிழக்கே ஓமாஹாவிலிருந்தும், சென்ட்ரல் பசிபிக் கம்பெனி மேற்கே சாக்ரமெண்டோவிலிருந்தும் பாதை போட வேண்டியது. சர்க்கார் இவர்களுக்கு மைல் கணக்கில் கடன் பத்திரம் கொடுத்தது. சமபூமியில் மைலுக்கு 16,000 டாலர். மலைகளுக்கு இடையில் உள்ள மேட்டுப் பூமியில் 32,000 டாலர். மலையில் 48,000 டாலர். இதல்லாமல் மைலுக்கு இவ்வளவு என்று பூமியும் கொடுத்தது. 1864-ம் வருஷச் சட்டப்படி ஒரு மைல் பாதை போட்டால் 12,800 ஏக்கர் கிடைக்கும். அந்தப் பூமியில் ஏற்கனவே குடியிருந்து வேட்டையாடிப் பிழைத்து வந்த செயென், லகோடா முதலிய பூர்வீக ஜாதியாருடைய சம்மதத்தை யாரும் லட்சியம் செய்யவில்லை.

சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் சொந்தக்காரர்களாக விளங்கிய ஸ்டான்போர்டு, ஹண்டிங்டன், ஹாப்கின்ஸ், குரோக்கர் என்ற நால்வரும் சாக்ரமெண்டோ நகரத்துக் கடைக்காரர்கள். மளிகையும், இரும்புச் சாமானும், துணியும் விற்றுக்கொண்டிருந்தவர்கள். சமபூமிக்கு 16,000, மலைக்கு 48,000 என்றவுடனே, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்ற கேள்வி பெரிய கேள்வியாகிவிட்டது. பூமி சாஸ்திரத்தில் நிபுணரான ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர், சாக்ரமெண்டோவிலிருந்து சுமார் 7 மைலில் உள்ள ஒரு ஓடையின் அருகிலேயே மலையின் அடிவாரம் ஆரம்பிக்கிறது என்று அபிப்பிராயம் கொடுத்தார். அங்கே போய்ப் பார்ப்பவன் கண்ணுக்கு வெறும் சமவெளிதான் தெரியும். ஆனாலும் அந்த அபிப்பிராயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தார் என்ற புராணத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் இந்த மலை நகர்ந்ததை நம்பித்தான் ஆகவேண்டும். ஏனெனில் இதற்குச் சர்க்கார் தஸ்தாவேஜு இருக்கிறது.

இதைவிட முக்கியமான சங்கதி 1866-ல் நடந்தது. அதற்கு முன் சென்ட்ரல் பசிபிக் கம்பெனி கலிபோர்னியாவின் எல்லைக்கு அப்பால் 150 மைலுக்கு மேல் பாதை போடக்கூடாது என்று வரம்பு இருந்தது. 1866-ல் அந்த வரம்பு எடுக்கப்பட்டு, இரண்டு கம்பெனியும் ஒன்றையொன்று சந்திக்கும் வரை போட்டுக்கொண்டே போகலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அன்றைக்கே இது பாதை போடும் வேலை என்பது மாறி, பந்தயம் ஆகிவிட்டது. எவன் சீக்கிரம் போகிறானோ அவனுக்கு மைல் அதிகம். மைல் அதிகமானால் பணமும் பூமியும் அதிகம். வாசகர்கள் இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

பிறப்பைப் பார்த்துக் கூலி

சென்ட்ரல் பசிபிக் கம்பெனிக்கு ஆரம்பத்தில் ஆள் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரக் கூலிகள் வந்து சில நாள் இருந்துவிட்டு வெள்ளிச் சுரங்கத்துக்கு ஓடிவிட்டார்கள். அப்போதுதான் சீனர்களைச் சேர்க்கலாம் என்று குரோக்கர் சொன்னார். வேலை மேற்பார்வைக்காரரான ஸ்ட்ரோபிரிட்ஜ், இவர்கள் உருவத்தில் சிறியவர்கள், இவர்களால் இந்த வேலை முடியாது என்று ஆட்சேபித்தார். 1865-ல் முதலில் சுமார் 50 பேரை வைத்துப் பார்த்தார்கள். வேலையைப் பார்த்த பிறகு ஆட்சேபணை பறந்துவிட்டது. காண்டன் நகரம் உள்ள குவாங்டங் மாகாணத்திலிருந்து, கலகத்தாலும் வறுமையாலும் அடிபட்டுக் கப்பல் ஏறிய ஏழைகள் ஆயிரக்கணக்காய் வந்தார்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது பத்தாயிரத்துக்குக் குறையாமல் இருந்தார்கள். அந்தக் கம்பெனியின் பாதையில் பாடுபட்ட பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் சீனர்களே.

கூலி எப்படியென்றால், வெள்ளைக்காரக் கூலிக்கு மாதம் 35 டாலரும் சாப்பாடும். சீனனுக்கு ஆரம்பத்தில் 30 டாலருக்கு உள்ளாகவே கொடுத்தார்கள். சாப்பாட்டுச் செலவு அவனுடையது. மலை ஒன்று, சம்மட்டி ஒன்று, வெடிமருந்து ஒன்று. ஆனால் கூலி மட்டும் இரண்டு. வேலையைப் பார்த்துக் கூலி கொடுக்காமல் எந்த வயிற்றில் பிறந்தான் என்று பார்த்துக் கூலி கொடுக்கும் முறை எங்கே இருந்தாலும் அதன் பெயர் ஒன்றுதான் என்பது நமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே ஸ்டான்போர்டு 1862-ல் கலிபோர்னியாவின் கவர்னராகப் பதவி ஏற்றபோது, ஆசியாக்காரர்கள் இழிந்த ஜாதி, அவர்கள் இந்த நாட்டில் குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று பேசினவர். 1865-ல் அவரே ரயில் கம்பெனித் தலைவர் என்ற முறையில், சீனர்கள் அமைதியானவர்கள், பொறுமைசாலிகள், உழைப்பாளிகள், அவர்கள் இல்லாவிட்டால் குறித்த காலத்தில் வேலையை முடிக்க முடியாது என்று பிரசிடெண்டுக்கு ரிப்போர்ட்டு எழுதினார். நாலு வருஷத்துக்குள் சீனருடைய இழிவு எங்கே போயிற்று? அது எங்கும் போகவில்லை. லாபம் வந்தபோது மறைந்திருந்தது. லாபம் தீர்ந்தபோது திரும்பி வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இங்கு இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரக் கூலிகள் ஓடைத் தண்ணீரையும் குட்டைத் தண்ணீரையும் அப்படியே குடித்து வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். சீனர்கள் தண்ணீரைக் காய்ச்சித் தேயிலை போட்டுக் குடித்தார்கள். வெடிமருந்து வந்த காலிப் பீப்பாய்களில் தேநீரைக் காவடியாகத் தூக்கிக்கொண்டு வந்து வேலைத்தலத்தில் கொடுத்தார்கள். அதனால் அவர்களிடத்தில் அந்த வியாதி குறைவு. தேவதைக்கு நேர்ந்துகொள்ளாமல், தண்ணீரைக் காய்ச்சினதால் வந்த நன்மை இது. தடுக்கக்கூடிய சாவைத் தடுக்க மனிதனால் முடியும் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேறு வேண்டியதில்லை.

பனிக்கு உள்ளே ஒரு குளிர்காலம்

சியரா நெவாடா மலையைப் பாதை சுமார் 7,000 அடி உயரத்தில் தாண்ட வேண்டும். அந்த மலையில் 15 சுரங்க வழிகள் குடைந்தார்கள். உச்சியில் உள்ள பெரிய சுரங்க வழியின் நீளம் 1,659 அடி. அவ்வளவும் கருங்கல். ஒருவன் உளிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு திருப்புவான். மற்ற இருவர் மாற்றி மாற்றிச் சம்மட்டியால் அடிப்பார்கள். துவாரம் ஆனதும் மருந்து கெட்டித்து வெடிப்பார்கள். இரண்டு கோடியிலிருந்தும் குடைந்தால் நாளாகும் என்று நடுவில் கிணறு போல் ஒரு குழி இறக்கி, அதன் அடியிலிருந்து இரு பக்கமும் குடைந்தார்கள். இப்படி நாலு முகத்தில் இரவு பகலாக வேலை நடந்தும், ஒரு முகத்தில் நாளொன்றுக்குச் சராசரி ஒரு அடிக்குச் சற்று மேல்தான் முன்னேறியது.

ஒரு அடி போதாது என்று நைட்ரோகிளிசரின் என்ற திரவ வெடிமருந்தைக் கொண்டுவந்தார்கள். அது குலுங்கினால் வெடிக்கும். துவாரத்தில் வெடிக்காமல் மிச்சம் நின்றால், அடுத்த ஆள் கடப்பாறை போடும்போது வெடிக்கும். 1866 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு பெட்டி நைட்ரோகிளிசரின் வெடித்து நகரத்து ஜனங்கள் பலர் செத்தார்கள். உடனே ஊரெல்லாம் நடுங்கி, அதை நகரங்களின் வழியாகக் கொண்டுபோகக்கூடாது என்று தடுத்தார்கள். கம்பெனியார் என்ன செய்தார்கள்? ஒரு ரசாயனக்காரரை மலை உச்சிக்கே கொண்டுபோய் அங்கேயே அதைத் தயார் செய்தார்கள். நகரத்து மனிதன் பக்கத்தில் இருக்கத் தகாத மருந்து, மலைமேல் கூலிக்காரன் பக்கத்தில் இருக்கத் தக்கதாயிற்று! அதனால் கிடைத்த லாபம் நாளொன்றுக்கு அரையடிக்குச் சற்று அதிகம்.

1866-67 குளிர்காலத்தில் அந்த மலையில் 44 தடவை பனிப்புயல் அடித்தது. குடிசைகளும் சுரங்க வாயும் பனியில் புதைந்துபோயின. கூலிகள் பனிக்கு உள்ளேயே வழி குடைந்து, குடிசையிலிருந்து சுரங்கத்துக்கும் சுரங்கத்திலிருந்து குடிசைக்கும் வெளிச்சம் காணாமல் நடந்தார்கள். பனிச்சரிவு வந்து குடிசைகளை ஆட்களோடு அடித்துக்கொண்டு போயிற்று. அப்படிப் போனவர்களில் பலரை அடுத்த பருவத்தில் பனி உருகின பிறகுதான் கண்டெடுத்தோம் என்று கம்பெனியின் மேற்பார்வைக்காரரே பிற்காலத்தில் விசாரணைக் கமிஷன் முன் சாட்சி சொல்லியிருக்கிறார்.

இப்பொழுது நாம் கேட்கிறோம். பனி பெய்வது இயற்கை. பனி சரிவதும் இயற்கை. ஆனால் பனிக்காலத்தில் அந்த இடத்தில் மனிதனைக் கொண்டுபோய் வைத்தது இயற்கையா? நாலு மாதம் நிறுத்திவிட்டுப் பனி உருகின பிறகு வேலை செய்திருந்தால் மலை எங்கும் ஓடிப்போயிராது. ஓடிப்போயிருப்பது எது என்றால், நெவாடாச் சமவெளியில் யூனியன் பசிபிக் கம்பெனி முந்திப் பிடிக்கக்கூடிய மைல்கள்தான். அந்த மைல்களுக்காகத்தான் பனிக்குள் வேலை நடந்தது. அதற்காகத்தான் குலுங்கினால் வெடிக்கும் மருந்தும் வந்தது. ஆகவே காவு கேட்டது மலையல்ல; மைல் கணக்கு. அந்தக் கணக்கை எழுதிய சட்டசபையாருக்கும், அதைப் பார்த்து வேலையை முடுக்கிய முதலாளிகளுக்கும் முகமும் பெயரும் விலாசமும் உண்டு.

பட்டினி போட்டு அடக்கியது

"தெரிந்துதானே போனார்கள்? பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாமே?" என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அவர்கள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. 1867 ஜூன் மாதக் கடைசியில் சுமார் 3,000 சீனத் தொழிலாளிகள் ஒரே சமயத்தில் வேலையை நிறுத்தினார்கள். அதற்குச் சற்று முன் கம்பெனி கூலியை 35 டாலராக உயர்த்தியிருந்தது. அவர்கள் 40 டாலர் கேட்டார்கள். வெளி வேலைக்குப் பத்து மணி, சுரங்கத்துக்குள் எட்டு மணி என்று நேரத்துக்கு வரம்பு கேட்டார்கள். சுரங்கத்துக்குள் எட்டு மணி என்று தனியாகக் கேட்டதைக் கவனிக்க வேண்டும். எந்த வேலை உயிரை வாங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கல் எறியவில்லை, ஒருவரை அடிக்கவில்லை, முகாமில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

குரோக்கர் அவர்களோடு பேரம் பேசவில்லை. மலைமேல் போகும் சாப்பாட்டுச் சாமான்களை நிறுத்திவிட்டார். அத்தனை உயரத்தில் கடை ஏது? நிலம் ஏது? ஒரு வாரத்தில் வேலை நிறுத்தம் முடிந்தது. இவர்களுக்குப் பதிலாக, அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுதலையான கறுப்பு மக்களைக் கொண்டுவரலாமா என்றும் கம்பெனியார் யோசித்தார்கள். ஒரு ஏழைக்கு எதிராக இன்னொரு ஏழையை நிறுத்துவது முதலாளிகளுக்கு எந்தத் தேசத்திலும் மறந்துபோவதில்லை. வயிற்றைக் காட்டிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லுவது யோக்கியமா என்பதை வாசகர்களே முடிவு செய்து கொள்ளலாம்.

கிழக்கேயும் இதே யோக்கியதைதான். யூனியன் பசிபிக் பாதையில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்களும், உள்நாட்டு யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களும். அவர்களுக்குச் சம்பள பாக்கி நின்றுபோய், 1869 மே மாதத்தில் விழாவுக்குப் போய்க்கொண்டிருந்த அக்கம்பெனியின் வைஸ் பிரசிடெண்டு டூரண்டுடைய வண்டியை வழியில் நிறுத்தி, பணம் கொடுத்தால்தான் விடுவோம் என்று பிடித்து வைத்தார்கள். அதனால் விழாவே இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. கூலி கொடுக்கப் பணமில்லாத அதே கம்பெனியின் டைரக்டர்கள், கிரெடிட் மொபிலியர் என்ற பெயரில் தங்களுக்குள்ளேயே ஒரு காண்டிராக்டுக் கம்பெனி வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்றரையாகக் கணக்கெழுதித் தங்கள் பையை நிரப்பிக்கொண்டது 1872-ல் வெளியாயிற்று. சட்டசபை மெம்பர்களுக்கும் பங்கு கொடுக்கப்பட்டிருந்தது. 1873-ல் இரண்டு மெம்பர்கள் கண்டிக்கப்பட்டார்கள். பணம் போன வழியை விசாரிக்கக் கமிட்டி ஏற்பட்டது. உயிர் போன வழியை விசாரிப்பதற்கென்று ஒரு கமிட்டியும் ஏற்படவில்லை.

எண்ணினதும் எண்ணாததும்

செத்தவர்கள் எத்தனை பேர்? கம்பெனியார் கணக்கு வைக்கவில்லை. சம்பளப் புஸ்தகத்தில்கூட பெரும்பாலும் கூட்டத் தலைவன் பெயர்தான்; அவன் கீழ் வேலை செய்தவர்கள் வெறும் எண்ணிக்கை. 1870-ல், தாய்நாட்டில் அடக்கம் செய்வதற்காகச் சீனருடைய எலும்புகள் ரயிலில் போனபோது, சாக்ரமெண்டோவில் ஒரு பத்திரிகை 1,200 பேருடைய எலும்பு என்றும், மற்றொரு பத்திரிகை சுமார் 50 பேருடையது என்றும் எழுதின. இவர்களில் வியாதியால் செத்தவர்களும் இருக்கலாம். 50-க்கும் 1,200-க்கும் நடுவில் எங்கே நிற்பது என்று இன்றைக்கும் ஆராய்ச்சிக்காரர்கள் திண்டாடுகிறார்கள்.

எண்ணத் தெரியாத கம்பெனியா அது? 1869 ஏப்ரல் 28-ந் தேதி ஒரே நாளில் 10 மைல் 56 அடி பாதை போட்டார்கள். அன்றைக்குப் போட்ட கட்டைகள் 25,800, தண்டவாளங்கள் 3,520. தண்டவாளம் தூக்கிய எட்டு அயர்லாந்துக்காரர்களுடைய பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அது நியாயமே. ஆனால் அன்று அதே வெயிலில் கட்டை போட்டு, ஆணி அடித்து, மண் கெட்டித்த ஆயிரக்கணக்கான சீனர்களில் ஒருவனுடைய பெயரையும் அந்த வரிசையில் காணோம். கட்டையை எண்ணியவர்களுக்குப் பிணத்தை எண்ணத் தெரியவில்லை என்றால், எண்ண வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை என்பதே பொருள். கட்டைக்குக் காசு, பிணத்துக்குக் காசில்லை.

விழாவில் வைத்த தங்க ஆணியில் கம்பெனி அதிகாரிகளுடைய பெயர்களை வெட்டினார்கள். தேச ஒற்றுமையைக் கடவுள் நீடிக்கச் செய்ய வேண்டும் என்ற பிரார்த்தனையையும் வெட்டினார்கள். சம்மட்டி அடித்தவனுக்கு அதில் இடமில்லை. விழா முடிந்ததும் அந்த ஆணியையும் பத்திரமாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டு, சாதாரண இரும்பு ஆணியை அடித்தார்கள். ரயில் ஓடியது இரும்பு ஆணியின் மேல்தான்.

பின்னால் கிடைத்த மரியாதை

வேலை முடிந்தது, சீனருடைய இழிவு திரும்பி வந்தது. 1882-ல் சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1885 செப்டம்பரில் வயோமிங் பிரதேசத்தில் ராக்ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், யூனியன் பசிபிக் கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்த சீனர்களில் 28 பேரை வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளிகள் கொன்று, குடியிருப்பைக் கொளுத்தினார்கள். ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. கூலியைக் குறைத்தவன் முதலாளி. ஆனால் உதைபட்டவன் குறைந்த கூலி வாங்கினவன். இரண்டு கூலி வைப்பதன் பலன் இதுதான். மேலே பார்க்க வேண்டிய கண்ணைப் பக்கத்தில் பார்க்க வைத்துவிடுகிறது.

அந்தச் சட்டம் 1943-ல்தான் எடுபட்டது. அப்போதும் வருஷத்துக்கு 105 பேர் வரலாம் என்று அளந்து கொடுத்தார்கள். 1969-ல் நூறாவது வருஷ விழாவில் பேசிய மந்திரி, பனிக்குள்ளே மலை குடைய அமெரிக்கர்களைத் தவிர வேறு யாரால் முடியும் என்ற கருத்தில் பெருமையடித்தார். குடைந்தவர்களை அமெரிக்கப் பிரஜைகளாக அந்நாட்டுச் சட்டம் ஏற்றதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. 2014-ல்தான் அத்தேசத்துத் தொழில் இலாகா இந்தச் சீனத் தொழிலாளர்களைத் தனது கௌரவ வரிசையில் சேர்த்தது. பாதை முடிந்து 145 வருஷம் கழித்து! அதைக் காண அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் தம் கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூட ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதுவரை அகப்படவில்லை.

நிற்க, இதையெல்லாம் நாம் எடுத்துச் சொல்லுவது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செத்தவர்களுக்காக அழுவதற்கல்ல. அழுவதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இனிமேல் எங்கேயாவது பாலம், அணை, சுரங்கம், மாடிக் கட்டிடம் என்று பெரிய வேலை நடந்து, "சில உயிர்கள் போய்விட்டன, அது சகஜந்தான்" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அப்படியே விழுங்காமல் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம். இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று நாள் குறித்தவன் யார்? சீக்கிரம் முடிந்தால் யாருக்கு லாபம்? நாள் குறித்தவன் அந்தக் குழிக்குள் ஒரு மணி நேரமாவது இறங்கினானா? செத்தவர்களுடைய பெயர், ஊர், குடும்பம் எழுதிய பட்டியல் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கிற இடத்தில் சாவு குறையும். பதில் இல்லாத இடத்தில், காவு கேட்பது தேவதையுமல்ல, இயற்கையுமல்ல என்று தெரிந்துகொண்டு, கேட்டவன் யார் என்று தொழிலாளிகளும் பொது ஜனங்களும் விடாமல் விசாரிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.